பழைய பங்களாவில் புது ஆபீஸ்

திங்கட்கிழமை காலை முதலாளி கூப்பிட்டு அனுப்புவார். "எழும்பூர்ல ஒரு பழைய பங்களா எடுத்திருக்கோம். நூறு வருஷத்துக்கு மேல ஆன கட்டடம். ஆறு மாசத்துல ஆபீஸ் அங்க போயிடணும், நீங்க பார்த்துக்குங்க." நீங்கள் நிர்வாக மேலாளராக இருக்கலாம், சிவில் படித்து நாலு வருடம் சைட்டில் நின்ற பொறியாளராக இருக்கலாம், சின்னதாக ஓர் உள்ளலங்கார நிறுவனம் வைத்திருக்கலாம். சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.

இந்த வேலையில் பாதிச் சம்பளம் 'வேண்டாம்' என்று சொல்வதற்குத்தான். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், சுவருக்கு டைல்ஸ் வேண்டாம், மொட்டை மாடியில் ஏசி யூனிட் வேண்டாம். காரணத்தோடு சொல்லத் தெரிந்தவரைத் தேடி அடுத்த வேலை வரும். காரணம் தெரியாமல் முரண்டு பிடிக்கிறவரை மூன்றாவது மாதம் மாற்றிவிடுவார்கள். கீழே இருப்பதெல்லாம் அந்தக் காரணங்கள்.

பழைய கட்டடத்தில் அலுவலகம் நடத்துவதே தப்பு என்று பயமுறுத்துவோரும் உண்டு. நம்பாதீர்கள். ராஜாஜி சாலையில் 1897இல் மெட்ராஸ் வங்கிக்காகக் கட்டிய கட்டடத்தில் இன்றைக்கும் ஸ்டேட் வங்கி நடக்கிறது. 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையில் மாநகராட்சி இருக்கிறது. ஆள் புழங்கும் வீட்டில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே யாராவது பார்த்துவிடுவார்கள். பூட்டிப் போட்ட வீட்டில் அது மரமாக முளைத்த பிறகுதான் தெரியும்.

குடையோடு முதல் வாரம்

டிசைனரைக் கூப்பிடுவதற்கு முன் மழையைப் பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மாடித் தண்ணீர் எந்தத் தூம்பு வழியாக இறங்குகிறது, எந்தக் குழாய் உடைந்து சுவரிலேயே வழிகிறது, இறங்கிய தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பத்து நிபுணர்கள் வந்து பார்த்தாலும் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது. புதுச்சேரிக் கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில்தான் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டியது.

சென்னையில் இன்னொரு தொல்லை, சாலை. தார் மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. கட்டியபோது மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்றைக்கு ஒரு படி இறங்கிப் போகிறோம். தெருத் தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே அஸ்திவாரத்தின் பக்கவாட்டில் நின்று ஊறத் தொடங்கிவிடும். வளாகத்தைச் சுற்றி வடிகால் தோண்டி, சுவரை ஒட்டிக் கொட்டிய மண்ணையும் சிமென்ட் தளத்தையும் அகற்றுவதுதான் முதல் செலவு. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் யார் கண்ணிலும் அது படாது. அதனாலேயே வெட்டச் சொல்லி முதலில் கைவைப்பதும் அந்தச் செலவில்தான்.

அடுத்தது ஓதம். சுவரின் அடியில் இரண்டு, மூன்று அடி உயரத்துக்குக் காரை உப்புப் பூத்து மாவாக உதிர்ந்திருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சுவரை விட்டுப் பிரிந்த காரை பொள்ளென்று சத்தம் கொடுக்கும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழி தேடுகிறது. சுண்ணாம்புக் காரை அதை மூச்சாக வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினாலோ டைல்ஸ் ஒட்டினாலோ அந்த வாசல் அடைபடுகிறது. ஈரம் அடுத்த வாசலைத் தேடி இன்னும் மேலே ஏறுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓதம் ஏறிய ஒரு கூட்ட அறைச் சுவரை நாலடி உயரத்துக்குப் பிளைவுட் அடித்து மறைத்தேன். திறப்பு விழா அன்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த பொங்கலுக்கு ஈரம் ஏழடிக்கு ஏறியிருந்தது. பிளைவுட்டின் பின்பக்கம் முழுக்கக் கரையான் புற்று. யோசனை என்னுடையது, கழற்றிய செலவு நிறுவனத்துடையது.

தலைக்கு மேலே இருப்பது கான்கிரீட் அல்ல

சென்னையின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குச்சாய்வாக, நிற்க வைத்த வாக்கில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டித் தட்டி இறுக்கிய கனமான தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே மீன்முள் போல வரிசையாகச் செங்கல் தெரியும். வெள்ளையடித்து மூடியிருந்தால் ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள்.

இந்தக் கூரையின் உயிர் கட்டைகளின் நுனியில் இருக்கிறது. நடுவில் கல் மாதிரி இருக்கும் தேக்கு, சுவருக்குள் புதைந்த அரை அடியில் மட்டும் பஞ்சாகியிருக்கும். சுவரில் இறங்கும் ஈரம் அங்கேதான் சேரும், கரையானும் அங்கேதான் நுழையும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையின் இரு நுனிகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் அந்தக் கட்டைக்குச் சிவப்பு சாக்பீஸ். அறுபது கட்டை உள்ள கூரையில் நாலைந்து சிவப்பு இருப்பது சகஜம். நுனியை மட்டும் வெட்டி இரும்புத் தகட்டால் ஒட்டுப் போடலாமா, பக்கத்தில் இன்னொரு கட்டை கொடுப்பதா, முழுதாக மாற்றுவதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். எல்லாவற்றையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறவர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கான்கிரீட் தளத்தின் எடையையும் அதன் போக்கையும் அந்தச் சுண்ணாம்புச் சுவர்கள் அறியாதவை.

எடைதான் இங்கே முக்கியமான பேச்சு. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரக் குறியீடு, அலுவலக அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 400 கிலோ வரை சுமை கணக்கிடச் சொல்கிறது. கோப்பு அடுக்கும் அறைக்கு அதற்கும் மேல். அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவை ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஓர் ஊஞ்சல். ஆகவே கோப்பு ரேக், சர்வர், யூபிஎஸ் பேட்டரி, பணப்பெட்டி எல்லாம் தரைத்தளத்துக்கு. மாடியில் மேசை நாற்காலி மட்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, ஏசியின் வெளி யூனிட் எதுவும் தளத்தின் மேல் நேராக உட்காரக் கூடாது. வேறு வழியில்லை என்றால் சுவருக்குச் சுவர் இரும்பு உத்திரம் போட்டு அதன் மேல் ஏற்றலாம்.

ஃபால்ஸ் சீலிங் ஏன் கூடாது என்பதற்குப் பதிலும் அந்தக் கட்டை நுனிகளில்தான் இருக்கிறது. ஒழுகலையும் கரையானையும் உங்கள் கண்ணிலிருந்து மறைத்து வைப்பதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

சுண்ணாம்புக்கு அவசரம் தெரியாது

பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் வேண்டும். காரைக்குடிப் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி வாரக்கணக்கில் ஊற வைப்பார்கள். கடுக்காயையும் பனைவெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் புளிக்க விட்டு, அந்தத் தண்ணீரில் சாந்தைக் குழைப்பார்கள். வழவழவென்ற செட்டிநாட்டுப் பூச்சு வேண்டுமென்றால் கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மியின் இடத்தை இப்போது கிரைண்டர் எடுத்துக்கொண்டது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அந்தப் பூச்சில் விளக்கு வெளிச்சம் பட்டால் ஏரித் தண்ணீரில் பட்ட மாதிரி இருக்கும். அறைக்குப் பாதி விளக்கு போதும்.

ஆனால் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கெட்டிப்படும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே அது கேட்கும் நாட்களைக் கொடுத்தே ஆக வேண்டும். ஃபேன் வைத்துக் காயவைத்தால் வெடிக்கும். திட்ட அட்டவணையில் இந்தக் காத்திருப்பை முதலிலேயே தனி வரியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் "ஆள் சும்மா உட்கார்ந்திருக்கான்" என்ற பேச்சு உங்கள் தலையில் விழும். முடிந்த பிறகு மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்தது அத்தனையும் வீண். சுவரின் மூச்சை அது மறுபடி அடைத்துவிடும். சுண்ணாம்பு அடிப்பதுதான் சரி, வண்ணம் வேண்டுமானால் அதிலேயே கலக்கலாம்.

கதவு, ஜன்னல்களைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, இருந்த இடத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி தெரியும் இருபது கதவுகளில் ஒன்று இன்னொன்றின் நிலையில் பொருந்தாது. ஆசாரிக்குத் தெரியும், உங்கள் ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது. பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம், எனவே காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். ஆத்தங்குடித் தரையோ பளிங்கோ எதுவானாலும் ஆசிட் பக்கம் போகாதீர்கள்; ஈரத்துணி போதும்.

ஒயர், ஏசி, வைஃபை

அலுவலகம் என்றால் ஒயர். ஒயர் என்றால் சுவரை வெட்டுவது என்று எலக்ட்ரீஷியனுக்குக் கை பழகிவிட்டது. இங்கே வெட்டக் கூடாது. தரையை ஒட்டி ஓடும் மரப் பெட்டிக்குள் கேபிளைக் கொண்டுபோகலாம். மேலே ஏற வேண்டிய இடத்தில் இரும்புக் குழாயை வெளியிலேயே நேராக விடலாம். ஒழுங்காகச் செய்தால் அழகாகவே இருக்கும். கிளாம்ப் அடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான கொத்தனார். "கல்லுல ஓட்டை போடாதீங்க தம்பி, சந்துல போடுங்க. சந்தை நாளைக்கு நானே அடைச்சுக் குடுப்பேன். கல்லை எவன் ஒட்டுவான்?" பழுதுபார்ப்புத் துறையில் 'திரும்ப எடுக்கக் கூடியது' என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் இதுதான். தடுப்புச் சுவர் தேவைப்பட்டால் தரையில் தானே நிற்கும் மரச்சட்டக் கண்ணாடியாக இருக்கட்டும், கூரையைத் தொட வேண்டாம். நாளைக்கு நீங்கள் காலி செய்தால் அறை பழையபடி கிடைக்க வேண்டும்.

வைஃபையில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒன்றரை, இரண்டு அடிச் செங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டிப் போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் விலை உயர்ந்த ரவுட்டர் ஒன்றை வைத்துவிட்டு ஒவ்வொரு வாரமும் திட்டு வாங்குவதைவிட, ஆரம்பத்திலேயே அறைக்கு ஓர் இணைப்பு முனை என்று கேபிள் இழுத்துவிடுங்கள்.

ஏசிக்காரர் தரையின் சதுர அடியை அளந்து டன் கணக்குச் சொல்வார். பதினாறு அடி உயர அறையில் அந்தக் கணக்கு உதவாது. தடித்த சுவரும் உயரமும் சேர்த்து வெப்பக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். குளிர்ச்சி தேவைப்படுவது ஆள் உட்காரும் ஏழடிக்குத்தான். தரையில் நிற்கும் யூனிட், நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறி, இரண்டும் சேர்ந்தால் போதும். மேலே இருக்கும் வென்டிலேட்டரைக் கண்ணாடி போட்டு அடையுங்கள், செங்கல் வைத்து அடைக்காதீர்கள். விடுமுறை நாளில் திறந்துவிட வேண்டும். முக்கியமாக, ஏசி விடும் தண்ணீரின் குழாய். சென்னைப் புழுக்கத்தில் ஒரு யூனிட் பக்கெட் கணக்கில் தண்ணீர் விடும். அந்தக் குழாய் சுவருக்குள் கசிந்தால் நீங்களே புதிதாக ஓர் ஓதத்தை உண்டாக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

விளக்கு: மேசையில் 300 முதல் 500 லக்ஸ் போதும். கூரை முழுக்க வெளிச்சம் வேண்டாம், மேசைக்கு மேசை விளக்கு வையுங்கள். எதிரொலி குறைய: துணித் திரை, தரை விரிப்பு, தரைத்தளத்தில் மட்டும் புத்தக அலமாரி. கழிப்பறை: கட்டடத்துக்குள் வேண்டாம், பின்கட்டில் தனியாகக் கட்டி நடையால் இணையுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை மறந்துவிடுகிறார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டரை அடித் திண்ணைக்கு முப்பது அடி. முகப்பில் அவ்வளவு இடம் இருக்காது, பக்கவாட்டு வாசலை இப்போதே பார்த்து வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. கட்டடம் பழையது என்று சாக்குச் சொல்ல முடியாது.

கலச மஹால்

தீ பற்றிப் பேசாமல் தேக்குக் கூரைக்குக் கீழே யாரையும் உட்கார வைக்கக் கூடாது. சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் வாலாஜா 1760களில் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி கலச மஹால். நவாப் ஆட்சி முடிந்து அரசின் கைக்கு வந்த பின் அது நெடுங்காலம் அலுவலகமாகவே இருந்தது. 2012 ஜனவரியில் ஓர் இரவு தீப்பிடித்துக் கூரை சரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். காய்ந்த தேக்கும், அறை அறையாக அடுக்கிய காகிதமும் ஒரே இடத்தில் இருந்தன. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பும் தேக்குமாகத் திரும்ப எழுப்பியது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. பழைய கட்டடத்தை இக்காலத்து அலுவலகமாக மாற்றுவது எப்படி என்று உங்கள் முதலாளி கேட்டால் அங்கே அழைத்துப் போங்கள். தீப்பிடித்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் கட்டடத்தில் செய்ய வேண்டியவை: பழைய ஒயரைத் துளிகூட மிச்சம் வைக்காமல் அகற்றுவது, மின்வாரியத்தில் புதிய சுமைக்கு அனுமதி வாங்குவது, புகை உணர்விகள், பின்வாசலை வேலை நேரத்தில் பூட்டாமல் வைப்பது. பழைய கதவுகள் பெரும்பாலும் உட்பக்கம் திறக்கும். ஆள் இருக்கும் நேரம் முழுக்க அவற்றைக் கொக்கி போட்டுத் திறந்தே வைக்கலாம், வெட்டி மாற்ற வேண்டியதில்லை. காகிதத்தை ஸ்கேன் செய்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

காகிதமும் பணமும்

கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள். கட்டடம் சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா? தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறதா? இருந்தால் முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பழுதுபார்க்கவே அனுமதி தேவை. வாடகை ஒப்பந்தத்தில் கூரையைப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது? மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாரம்பரியப் பட்டியலையும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கிய பிறகு வழக்கு நடந்து, இடிக்கக் கூடாது என்று 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவு என்று நான் தனியே எடுத்து வைப்பேன். அது என் கணக்கு. காரையை உரித்த பிறகு தெரிவதை உரிப்பதற்கு முன் யாராலும் விலை சொல்ல முடியாது. மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்கிற ஒப்பந்தக்காரர் நட்டத்தைச் சுண்ணாம்பில் சிமென்ட் கலந்து ஈடுகட்டுவார். வேலைக்கு வேலை விலை பேசுங்கள்.

இதையே தொழிலாக எடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு வழி இருக்கிறது. டெல்லி எஸ்.பி.ஏ.யிலும் அகமதாபாத் செப்ட்டிலும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் கட்டடக்கலையில் முதுநிலைப் படிப்பு உண்டு. மரபுக் கட்டுமானம் படிக்க மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. படிப்பு எதுவானாலும், நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது முடித்த ஒரு கட்டடத்தின் பதிவேட்டைக் கையில் கொண்டுபோங்கள். சுவருக்குச் சுவர் 'முன், பின்' படம், கட்டைகளின் சிவப்பு சாக்பீஸ் வரைபடம், சாந்துக் கலவை அளவு, நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். திறப்பு விழாப் படங்களை எல்லோரும் கொண்டுவருவார்கள்.

இன்னொன்று, கொத்தனாரோடு இளைஞர் ஒருவரைக் கட்டாயம் சேர்த்து வேலை வாங்குங்கள், கூலி கூடினாலும். ஐந்து வருடம் கழித்துக் காரை உதிரும்போது கூப்பிட ஆள் வேண்டும்.

வேலை முடிந்து சாரம் பிரிக்கும் அன்று, மிஞ்சிய சுண்ணாம்பைக் குப்பை லாரியில் ஏற்றிவிடுவார்கள். தடுத்துவிடுங்கள். பின்கட்டில் நிழலான மூலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி வையுங்கள். எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது, ஊற ஊற நன்றாக இருக்கும். தண்ணீர் குறைந்தால் ஊற்றச் சொல்லி வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். அவர் மாறிப் போனால் அடுத்தவரிடமும்.